குங்குமம் பட்ட ரப்பர்

பாஞ்சாலிக்குக் கோபம் வந்தால் பெங்களூர் ஜோகுபாளையம் முழுக்கக் கேட்கும். அந்த வாரம் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. புருஷன் ஜெயராஜ் அவளுடைய தம்பி பிரகாஷைத் தன் கார் ஒர்க்ஷாப்பை விட்டுத் துரத்தியதிலிருந்து, வீட்டில் பாத்திரங்கள்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

வம்பு ஒரு காரால் வந்தது. ஒர்க்ஷாப்புக்கு வரும் ஆங்கிலோ இந்தியப் பெண் மௌரீனுக்கு அவள் அப்பா விட்டுப்போன பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். அதில் கிளட்சுக்குக் கேபிள் கிடையாது. பெடலை மிதித்தால் சின்ன சிலிண்டரிலிருந்து ஆயில் குழாய் வழியே போய்க் கிளட்சைத் தள்ளும். ஆயில் ஒழுகாமல் பிடிப்பது உள்ளே இருக்கும் ரப்பர். அது பெங்களூரில் எங்கும் கிடைக்காததால், மௌரீனின் தங்கை லண்டனிலிருந்து அனுப்பியிருந்தாள்.

பிரகாஷ்தான் மாட்டினான். மாட்டும்போதே, "ரப்பர் டைட்டா இருக்கு மாமா" என்றான். "புது ரப்பர் அப்படித்தான் இருக்கும், மாட்டுடா" என்றான் ஜெயராஜ். மாட்டி முடித்து மிதித்தால் பெடல் போன இடத்திலேயே நின்றுவிட்டது. ஆயில் குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று ஜெயராஜ் திரும்பத் திரும்பக் காற்றை எடுத்துப் பார்த்தான். ஊஹூம்.

மௌரீன் வந்து, "என்ன மேன் ஜெயராஜ், இன்னும் ரெடி ஆவலியா?" என்று கேட்டதுதான் தாமதம், மொத்த ஆத்திரமும் பிரகாஷ் தலையில் விழுந்தது.

"ரப்பரைக் கீறி மாட்டிட்டான் மேடம்! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு இவனுக்கு?"

"சத்தியமா கீறல மாமா. பிரேக் ஆயில் தடவித்தான் மாட்டினேன்."

"பொய் வேறயா? சோறு போட்ட கைக்கே துரோகம் பண்றியா? எந்திரிச்சுப் போடா வெளியே!"

எதிர் டீக்கடையே வேடிக்கை பார்த்தது. சோறு போட்ட கையாம்! தம்பி சம்பாதித்துப் போட்டதையும் சேர்த்துத்தானே இந்த வீட்டில் உலை கொதித்தது? பாஞ்சாலி அன்றோடு புருஷனிடம் பேச்சை நிறுத்தினாள். பிரகாஷ் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்ரீராம்புரத்துச் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜ் சிலிண்டரைக் கழற்றினான். டீ கொண்டுபோன பாஞ்சாலியும் எட்டிப் பார்த்தாள். ரப்பர் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. ஒரு கீறல் இல்லை. அதன் மடிப்புக்குள் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. ஜெயராஜ் நகத்தால் சுரண்டினான், முகம் செத்துப்போனது.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மாட்டுவதற்கு முன்னால் வந்த ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றோடும் இந்தப் புது ரப்பரையும் பிரித்துச் சாமி படத்தின் முன்னால் வைத்து, குங்குமம் இட்டது ஜெயராஜ்தான். மறுநாள் குங்குமம் போக அத்தனையையும் ஒன்றாக மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு அலசியதும் அவனேதான். பூஜைச் சாமானை வேறு யாரும் தொடக் கூடாதென்று அன்றைக்கு ஒரு கத்தல். மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவனும் அவன்தான்!

"யோவ், யாரு வெச்ச குங்குமம் இது?"

அவன் ரப்பரைக் கைக்குள் மூடினான்.

"சொல்லுய்யா! என் தம்பி வெச்சானா?"

"ஏதோ பூஜை அவசரத்துல... சரி விடு. அவன வரச் சொல்லு."

"வரச் சொல்றதா? நாய விரட்டற மாதிரி தெருவே பாக்க விரட்டினே. இப்ப ஆள் விட்டுக் கூப்பிடுவியா? நீ எழுந்து நடய்யா!"

ஸ்ரீராம்புரத்தில் பிரகாஷ் ஒரு கம்பெனி காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆள் ஏற்றுகிற டிரைவர் வேலையாம். ஜெயராஜ் சட்டைப் பையிலிருந்து அந்த ரப்பரை எடுத்து நீட்டினான்.

"நீ கீறலடா. தப்பு என்னோடது. வா, போலாம்."

பிரகாஷ் ரப்பரைக் கையில்கூட வாங்கவில்லை. "நான் சத்தியம் பண்ணிச் சொன்னேன், நம்பல. இத்துனூண்டு ரப்பர் சொன்னதும் நம்பிட்டே, இல்ல மாமா?"

ஜெயராஜ் திரும்பிப் பாஞ்சாலியைப் பார்த்தான். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் தம்பி வந்துவிடுவான். அவள் சொல்லவில்லை. பிரகாஷ் மறுபடி குனிந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.