கேட்டில் தொங்கும் பூ

கோவில்பதாகை என்கிற ஏரிக்கரை ஊருக்கு நாங்கள் குடிவந்து ஆறு வருடமாகிறது. ஏரியில் லாரிகள் கழிவுநீர் கொட்டுவதை எதிர்த்து, ஒருநாள் காலை இருபது பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆபீசுக்கு நேரமாகிற எரிச்சலில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன்.

"இவங்க உள்ளூர்க்காரங்களா மேடம்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

முகங்களைப் பார்த்தேன். ஒன்றுகூடத் தெரியவில்லை.

"இல்ல சார். யாரோ வெளியிலேர்ந்து கூட்டிட்டு வந்திருக்காங்க" என்றேன், ஏதோ நேரில் பார்த்தவள் மாதிரி.

முன்னால் இருந்த பெண் எழுந்தாள்.

"இன்னாம்மா இப்டி சொல்ற? ஆறு வருசமா உன் ஊட்டு கேட்ல டெய்லி பூ மாட்டிகினு கீறேன். நான் வெளியாளா?"

தினமும் விடிவதற்குள் கேட்டில் பூப்பை தொங்கும். எடுத்துச் சாமிக்குப் போடுவேன். பேசி ஏற்பாடு செய்தவர் என் கணவர். மாட்டுகிறவளை நான் பார்த்ததே இல்லை.

'தப்பா சொல்லிட்டேன் சார்' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. அவர்களை வேனில் ஏற்றியதும் வழி கிடைத்தது, கிளம்பிவிட்டேன். சாயங்காலம்வரை அவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்களாம்.

மறுநாள் பூ வராது என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் விடியுமுன்னே கேட்டருகே போய் நின்றேன். அவள் வந்தாள்.

"நேத்து நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று கையை நீட்டினேன்.

அவள் பையை என் கையில் தராமல், வழக்கம்போல கேட்டில் மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்று அந்தப் பூவைச் சாமிக்குப் போட எனக்குக் கை வரவில்லை.