இடது காதில் வீணை

என் பழைய போனில் சிம் கிடையாது. திரையின் ஓரத்தில் விரிசல். சார்ஜ் அரை நாள்கூட நிற்காது. ஆனால் அதில் ஹெட்போன் செருகும் துளை இருந்தது. புதிய போனில் அது இல்லை. அதனால் பழையதைப் பாட்டுக்கென்றே வைத்துக்கொண்டேன். சி.டி.களிலிருந்து தரம் குறையாமல் ஏற்றிய கச்சேரிகள், காதை முழுதும் மூடும் நல்ல ஹெட்போன் ஒன்று. வீணைக் கம்பியின் மேல் விரல் உரசி நகர்வதுகூடக் கேட்கும்.

திருப்போரூரிலிருந்து கல்பாக்கத்துக்கு அலுவலகப் பஸ்ஸில் போய்வரும் நேரம்தான் எனக்குக் கச்சேரி நேரம். ஒரு திங்கட்கிழமை காலை, இடப்பக்கம் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் ஒலி மங்கியிருந்தது. ஒயரை அசைத்துப் பார்த்தேன். போனை அணைத்துப் போட்டேன். பாட்டை மாற்றினேன், அதுவும் மங்கல். அரை நிமிடத்துக்கு ஒரு பாட்டு என்று மாற்றிக்கொண்டே போய், இறங்கும்போது எந்தப் பாட்டும் மனதில் நிற்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் அதே வேலைதான். துளையைக் குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தேன். பாட்டுகளையெல்லாம் அழித்து மறுபடி ஏற்றினேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

“நீங்க பாட்டு கேக்குறீங்களா, போனை நோண்டுறீங்களா?” என்றாள் மனைவி.

“ஒயர்ல ஏதோ கோளாறு.”

“நான் அப்பவே கூப்பிட்டேன். அதுவும் ஒயர் கோளாறுதானா?”

நான் ஒயரை மறுபடி அசைத்துப் பார்த்தேன்.

பதின்மூன்றாம் நாள் சனிக்கிழமை. திருவிடந்தையில் சாலையோரம் போன் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கணவன் கடலுக்குப் போகிறவர். பழைய போன்களையும் பொறுமையாகப் பார்ப்பாள் என்று பஸ்ஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் போனைத் திறந்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தாள்.

“உள்ள ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் கீது. ஒயரும் ஓகே.”

“இடது பக்கம் கேக்கலம்மா.”

ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். “எனுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாறி தான் கேக்குது.” பிறகு அதைத் திருப்பி, இடப்பக்கம் வலதுகாதில் வரும்படி என் தலையில் வைத்தாள். “இப்ப சொல்லு சார். எந்தப் பக்கம் கம்மி?”

இப்போதும் இடது காதில்தான்.

அவள் போனை மூடிக் கையில் கொடுத்தாள். “போன் மேல தப்பு இல்ல சார். போயி காதக் காட்டு.”

அளவுக் கருவிகளைச் சோதிப்பதுதான் என் உத்தியோகம். இரண்டில் ஒன்று தவறாகக் காட்டினால் முதலில் மாற்றிப் பொருத்திப் பார்க்கச் சொல்லி எத்தனையோ பேருக்குப் பழக்கியிருக்கிறேன். என் தலையில் மட்டும் மாற்றி மாட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அது மறந்துபோன விஷயமல்ல என்று அந்தக் கடை வாசலில் நின்றபோது எனக்கே தெரிந்தது.

திங்களன்று செங்கல்பட்டில் காது மருத்துவரிடம் போனோம். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கேட்காதபோதும் அழுத்தினேன். வெளியே இருந்தவர் கண்ணாடி வழியாகத் தலையை ஆட்டி, மறுபடி ஆரம்பித்தார்.

“நரம்புல பாதிப்பு இருக்கு. எத்தனை நாளாச்சு?” என்றார் மருத்துவர்.

“ரெண்டு வாரம்.”

“உடனே வந்திருக்கணும்.”

மனைவி என்னைப் பார்க்கவில்லை. மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மாத்திரைகள் தூக்கத்தைக் கெடுத்தன. நாளுக்கு நாலு தடவை காதருகில் விரல்களைத் தேய்த்துச் சோதித்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் பேச்சு தெளிவாகிவிட்டது. மேல்ஸ்தாயி மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இனி இவ்வளவுதான் என்றார் மருத்துவர். சத்தத்தைக் குறைத்து, தினம் அரைமணி நேரம் கேட்கலாமாம்.

கேட்கிறேன். விரல் அடிக்கடி சத்தத்தைக் கூட்டப் போகிறது, இழுத்துக்கொள்கிறேன். போன ஞாயிறு மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் மனைவியை என் வலப்பக்கம் மாறி உட்காரச் சொன்னேன்.

“இந்தப் பக்கம் உக்காந்தா எனக்குக் கடல் தெரியல,” என்றாள்.

முன்கண்ணாடி வழியாகக் கடல் தெரியும் முன் வரிசைக்கு மாறினோம்.