நூற்றுப் பதினேழாம் எண் வில்லை

பராஸ்கா டுட்சாக் 1929-இல் ஆல்பெர்ட்டா மலையடிவாரத்தில், மெரிட்டன் க்ரீக் என்னும் நிலக்கரி ஊரில் பிறந்தாள். முப்பத்தோர் ஆண்டுகள் மருத்துவமனைச் சலவையறையில் உழைத்து ஓய்வு பெற்றாள், மணம் செய்துகொள்ளவில்லை. ஊர் மூடப்பட்டுப் பல காலமாகியும், அங்கே பிறந்தவர்கள் ஆகஸ்டுதோறும் இடிபாடுகளுக்கிடையே கூடுவார்கள். அவளும் தவறாமல் போவாள். தன் தந்தை புரோகிப்பை எவரேனும் எங்கேனும் கண்டதுண்டா என்று விசாரிப்பதற்காகவே போவாள்.

"உங்கப்பன் ஏறின ரயிலு இன்னுமா போய்ச் சேரல, பராஸ்கா?" என்று கேலி செய்வார் கிழவர் ஹ்ரித்ஸ்கோ.

1938 அக்டோபரில் சுரங்கம் வெடித்து இருபத்தேழு பேர் மாண்டனர். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர், வாசலில் மாட்டிய பலகையிலிருந்து தம் எண் பொறித்த பித்தளை வில்லையை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொள்வது வழக்கம். கருகிய உடல்களை அந்த வில்லைகளைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். புரோகிப்பின் வில்லையோ பலகையிலேயே தொங்கியது. அன்று காலை சுரங்கத் தொழிலாளி ஒருவன் ரயிலேறியதாக நிலையத்தார் சொன்னார்கள். பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடினவன் புரோகிப்தான் என்று ஊர் முடிவு கட்டியது. பராஸ்காவின் தாய் யவ்டோகாவும் அதை நம்பினாள். நம்பியபடியே 1969-இல் கண் மூடினாள்.

1991-ஆம் ஆண்டுக் கூடுகையில், எல்வியோ என்னும் நாற்பத்தேழு வயதுப் புதியவன் ஒருவன் கல்லறை வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, சிரிப்பு?" என்று கேட்டாள் பராஸ்கா.

"எங்கப்பா கல்லறைம்மா இது. ஸெஃபரினோ போர்ட்டோலின், நூத்திப் பதினேழு. அவருக்கு ரெண்டு கல்லறை. இதுல அவர் குடியே போகல! செத்தது எழுபத்தெட்டுல, வான்கூவர்ல."

"அப்போ இதுக்குள்ள யாரு?"

"அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர். அப்பாவுக்கு ஊர விட்டுப் போகணும். சொல்லாம வராம இருந்தா ஃபோர்மேன் ஆள் விட்டுத் தேடுவான். சாயங்காலம் வரைக்கும் தெரிய வேண்டாம்னு, லீவுல இருந்த இவர் அப்பாவோட வில்லையோட இறங்கிட்டாராம்." எல்வியோ அவள் முகத்தைப் பார்த்தான், சிரிப்பு நின்றது. "பேரு... புரோகிப்."

பராஸ்கா அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக அவள் அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறாள்.

"ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதாடா உங்கப்பன்?"

"பயம்மா. இங்க ஒரு சம்சாரத்த விட்டுட்டுத்தான் போனாரு. செத்தவனா இருந்தாதான் எங்கம்மாவக் கட்டியிருக்க முடியும்." எல்வியோ கல்லிலிருந்த பெயரைக் காட்டினான். "பாதிரியாரக் கூட்டிட்டு வரட்டுமா? கல்லுல பேர மாத்திரலாம்."

"கல்லு கெடக்கட்டும். கார் இருக்கா? எங்கம்மா லெத்பிரிட்ஜ்ல கெடக்கா. நீ வந்து சொல்லு. நான் சொன்னா, அப்பனுக்குப் பரிஞ்சு பேசுறேன்னு நெனைப்பா."

இரண்டு மணிநேரப் பயணத்துக்குப் பின் லெத்பிரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தை அடைந்தார்கள். யவ்டோகா சாகுமுன் கேட்டுக்கொண்டபடி, அவள் கல்லில் கணவன் பெயர் இல்லை. எல்வியோ தொப்பியைக் கழற்றினான்.

"அம்மா, நான் ஸெஃபரினோவோட மகன். ரயிலேறிப் போனது எங்கப்பா. உங்க வீட்டுக்காரர் எங்கயும் போகல."

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் பராஸ்கா. "கொஞ்சம் சத்தமா."