சபாபதி நின்ற இடம்

சனிக்கிழமை சாயங்காலம் பாலக்கரை காதர் பாய் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "நாளைக்கு நடை கிடையாதுங்க. நம்ம சபாபதி சார் மவுத்தாயிட்டாரு" என்றார். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டேன். காதர் பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார். சபாபதியின் வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான் செருப்புப் போடாமல் வந்திருக்கிறேன் என்பதே தெரிந்தது. வீட்டுக்குள் அவர் படுத்திருந்தார். அவரை அப்படி அசையாமல் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

இதைப் படிக்கிறவர்களில் பலர் அவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தவர்கள். நடக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சபாபதியும் நானும் ஒரே சர்க்கார் ஆபீசில் தபால் அனுப்பும் பிரிவில் எதிரெதிர் மேஜை. வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்து உறைக்கு முத்திரை குத்துவதுதான் வேலை. மேலே அவர் கை முத்திரை குத்தும், கீழே கால் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டு மேஜையும் ஒட்டிப் போட்டிருந்ததால் என் மைக்கூடு நாளெல்லாம் கடகடவென்று அடித்துக்கொள்ளும். "சபாபதி, காலை ஆட்டாதீங்க" என்பேன். "நான் ஆட்டலைங்க, அதுவா ஆடுது" என்பார். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும்போது அந்தக் காலை அவிழ்த்து விட்டுவிடுவார். தெப்பக்குளத்தின் வடகரையில் கூடுவோம். முதலில் அவரும் நானும், புத்தகம் பைண்டு செய்யும் காதர் பாயும் மட்டும்தான். பிறகு பதினைந்து, இருபது பேர் வரை சேர்ந்தார்கள்.

எங்கே போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார். ஒரு வாரம் மலைக்கோட்டைப் படி, அடுத்த வாரம் நத்தர்ஷா பள்ளிவாசல், அதற்கடுத்த வாரம் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தின் ஒவ்வொரு மதிலாகச் சுற்றிக் கொள்ளிடக் கரை வரைக்கும். கல்வெட்டோ, தூணோ, பாழடைந்த படித்துறையோ, எதன் முன்னாலும் நோட்டில் எழுதி முடிக்கிற நேரம்தான் நிற்பார். நாம் அப்போதுதான் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்திருப்போம். "பாத்தாச்சுல்ல, நடங்க" என்று கிளம்பிவிடுவார். தமிழ்நாட்டிலேயே ஆயிரங்கால் மண்டபத்தை ஓட்டமாக ஓடிப் பார்த்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஆனால் நோட்டு விஷயத்தில் அவருக்கு அவசரமே கிடையாது. கண்ணால் பார்த்ததை ஒரு பக்கத்திலும் காதால் கேட்டதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுவார். கேட்டதற்குக் கீழே 'சொன்னவர்' என்று கோடு போட்டு, சொன்ன ஆளின் பெயரையும் ஊரையும் கட்டாயம் எழுதுவார். "கேட்ட கதையை நம்ம கதையாட்டம் சொல்லப்படாதுங்க, அது திருட்டு" என்பார். ஒரு தடவை ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியம் செய்யும் பெரியவர் ஒருவரிடம், தெற்கு வாசல் மொட்டைக் கோபுரம் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டார். அவர் கையைக் கூப்பி, "அடியேனுக்குத் தெரியாது ஸ்வாமி. பெருமாள் திருவுள்ளம் எப்படியோ, அப்படி" என்றார். சபாபதி அதையும் எழுதினார். 'காரணம் தெரியாது' என்று எழுதி, சொன்னவர் என்ற இடத்தில் அந்தப் பெரியவரின் பெயரை முழுசாகப் போட்டார். தெரியாது என்பதற்கு எதற்குச் சாட்சி என்று நான் கிண்டல் செய்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள் கிடைப்பது துர்லபம், அதனால்தான் பெயர் போட்டேன் என்றார்.

அந்த மனுஷரிடம்தான் நான் பொய் சொன்னேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். பத்து நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அது சித்திரை மாதத்து ஞாயிறு. ஸ்ரீரங்கத்திலிருந்து வெயிலில் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தோம். என் செருப்பு வார் அறுந்துபோய், அதைக் கையில் பிடித்துக்கொண்டு காவிரிப் பாலத்தின் சூட்டில் துள்ளித் துள்ளி வந்தேன். பழைய கோட்டையின் வாசலான மெயின்கார்டு கேட்டுக்குள் நுழைந்ததும் சபாபதி நின்றுவிட்டார். வாசலின் உட்பக்கச் சுவரில், இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கல்லில் வழவழவென்று பள்ளம். உள்ளங்கை வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும். நாலு கடையில் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. "வேற எந்தக் கல்லுலயும் இல்ல, இது மட்டும் ஏங்க தேஞ்சிருக்கு?" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குப் பசி, காலில் கொப்புளம். இவரை நகர்த்தினால் போதும் என்று இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எங்க பெரியப்பா சொல்லுவாருங்க. கோட்டையை முற்றுகை போட்டிருந்தப்ப இங்க காவல் நின்னவன் இடத்தை விட்டு நகரக் கூடாதாம். அவன் பொண்டாட்டி தினமும் சோறு கொண்டாந்து கொடுத்துட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இந்தக் கல்லுல கையை வச்சுக்கிட்டு நிப்பாளாம். வச்சு வச்சுத் தேஞ்சது."

எனக்குப் பெரியப்பாவே கிடையாது. என் அப்பா வீட்டுக்கு மூத்தவர்.

சபாபதி உடனே நோட்டை எடுத்து எழுதினார். சொன்னவர்: ராமலிங்கம், அவருடைய பெரியப்பா சொல்லக் கேட்டது. எழுதிய பிறகும் அவர் நகரவில்லை. 'நடங்க' என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அவருடைய மனைவி செல்லம்மாளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஜீயபுரத்தில் வாழையும் நெல்லும் பயிரிடும் குடும்பத்துப் பெண். ஞாயிறு காலையில் அவரைக் கூப்பிட நான் போனால் காப்பி கொடுத்துவிட்டு, "ஊர்ல இருக்குற கதவெல்லாம் எப்ப வச்சதுன்னு இவருக்குத் தெரியும். நம்ம கொல்லக் கதவு மூட மாட்டேங்குது, அது மட்டும் கண்ணுக்குத் தெரியாது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். சபாபதி அதற்குள் பாதித் தெருவைக் கடந்திருப்பார். அந்த அம்மாவையும் அழைத்து வரலாமே என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் பொய் சொன்ன அடுத்த ஞாயிறு, தெப்பக்குளத்துக்குச் சபாபதி செல்லம்மாளோடு வந்தார். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அன்றைக்கு வேறெங்கும் போகாமல் நேரே மெயின்கார்டு கேட்டுக்கு அழைத்துப்போனார். பள்ளத்தைக் காட்டி, நான் சொன்ன கதையை ஒரு வார்த்தை விடாமல் அந்த அம்மாவிடம் சொன்னார். அவர் குனிந்து பார்த்தார். பள்ளத்தின் நீளத்துக்கு விரலை ஓட்டினார். பிறகு தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அதற்கு அர்த்தம் புரியவில்லை. அப்புறம் உள்ளங்கையைக் கல்லில் வைத்துக்கொண்டு நின்றார். சபாபதி பக்கத்தில் நின்றார். நோட்டை எடுக்கவில்லை, கால் ஆடவில்லை. நிதானமாக வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் இருக்கும். காதர் பாய் இருமிக்கொண்டே எங்களைத் தள்ளி அழைத்துப்போனார்.

இரண்டு வருடத்தில் அந்த அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் நடந்தாலும் நடை மெயின்கார்டு கேட்டில்தான் முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். கதையைச் சொல்லுவார், "சொன்னது நம்ம ராமலிங்கம்" என்று என்னைக் கை காட்டுவார், பள்ளத்தில் கை வைப்பார். நான் எதிர்க் கடையின் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருப்பேன். எத்தனை ஞாயிறு படித்தேனோ, அந்தப் பலகையின் ஒவ்வொரு எழுத்தும் எனக்கு மனப்பாடம். கேட்டை ஒட்டியுள்ள வெற்றிலைக் கடைக்காரர் ஒரு நாள் அதே கதையை எனக்கே சொன்னார். காவல்காரன் குண்டடிபட்டுச் செத்ததாகவும், அவன் பெண்டாட்டி அதற்குப் பிறகும் ஒரு வருஷம் சோறு கொண்டுவந்ததாகவும் அவர் பங்குக்குச் சேர்த்திருந்தார். எங்கிருந்து கேட்டீர்கள் என்றேன். "இது ஊருக்கே தெரிஞ்ச கதைங்க" என்று என்னை வெளியூர்க்காரனைப் போலப் பார்த்தார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு நாள் துணிந்தேன். பாலத்தில் நாங்கள் இருவர் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தோம். "சபாபதி, அந்தக் கேட்டுக் கதை இருக்கே" என்று ஆரம்பித்தேன். அவர் நடந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இத்தனை ஊரு சுத்தினேன். அவளோட சேந்து பாத்தது அந்த ஒரு இடந்தாங்க." அதன் பிறகு ஐந்து வருடம் என் வாய் திறக்கவில்லை. கோழைத்தனத்துக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

காரியங்கள் முடிந்த மறுநாள் காதர் பாய் ஒரு யோசனை சொன்னார். சபாபதியின் நோட்டுகளை எல்லோரும் சேர்ந்து புத்தகமாகப் போட்டுவிடலாம், பைண்டிங் தன் பொறுப்பு என்றார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் சபாபதியின் மகள் வசந்தா நோட்டுகளைச் சுத்தப் பிரதி எடுக்க ஆரம்பித்தாள். சரிபார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதிய மனுஷரின் புத்தகத்தில் என் புளுகு அச்சேறப் போகிறது. விட்டால் அவருடைய பெயருக்குத் துரோகம். எடுத்தால் அந்த அம்மாவின் கையை அந்தக் கல்லிலிருந்து நானே பிடித்து எடுத்த மாதிரி. இந்த இரண்டுக்கும் நடுவில் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். முந்தாநாள் பொறுக்காமல் வசந்தாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன்.

"அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும் மாமா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது வண்டி உரசின தடம்னு. ஜீயபுரத்துல எங்க மாமா வீட்டுக் களத்து வாசல்ல அதே மாதிரி கல்லு இருக்கு. பாரம் ஏத்தின மாட்டு வண்டி திரும்பறப்ப, சக்கரத்து நடுவுல துருத்திக்கிட்டு இருக்குமே குடம், அது கல்லுல உரசும். வருஷக்கணக்கா உரசி உரசிப் பள்ளமாயிடும். கேட்டு வழியா எத்தனை வண்டி போயிருக்கும். அம்மா வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட சொல்லிச் சிரிச்சாங்க. உங்க பெரியப்பா நல்லாப் புளுகியிருக்காருன்னாங்க."

சபாபதி டவுனில் பிறந்து வளர்ந்தவர், நானும் அப்படியே. வண்டியைத் தெருவில் பார்த்திருக்கிறோமே தவிர, அது ஒரு கல்லை என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியாது. பதினான்கு வருடம் ஊரெல்லாம் கேட்டு அலைந்தவர், வீட்டில் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் பதில் கிடைத்திருக்கும்.

"அப்பா கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"நான் சொல்றேன்னுதான் எந்திரிச்சேன். அம்மா கையைப் பிடிச்சு உக்கார வச்சிட்டாங்க. 'கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தாண்டி உங்கப்பா என் பக்கத்துல சும்மா நின்னாரு. வண்டிய கொண்டாந்து நடுவுல விடாத'ன்னாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. வசந்தா சுத்தப் பிரதியில் அந்தப் பக்கத்தை எடுத்தாள். காவல்காரனையும் அவன் பெண்டாட்டியையும் ஒரே கோடாக அடித்தாள். 'வண்டிச் சக்கரத்தின் குடம் உரசித் தேய்ந்தது' என்று எழுதினாள். கீழே, சொன்னவர் என்ற இடத்தில், 'செல்லம்மாள், ஜீயபுரம்' என்று எழுதினாள். நாவிதர், பட்டர், மீன்காரர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், ஜட்கா ஓட்டுகிறவர் என்று இந்த ஊரில் பாதிப் பேரின் பெயர் அந்த நோட்டுகளில் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் இப்போதுதான் முதல் தடவையாக ஏறியது.

வருகிற ஞாயிறு நாம் நடக்கிறோம். கேட்டில் நான் நின்று வண்டிக் கதையைச் சொல்கிறேன். இத்தனை நாள் ஏமாந்தவர்கள் என்னை அங்கேயே நாலு வார்த்தை திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன். சபாபதியின் நோட்டு புத்தகமாகி ஊருக்குப் போய்விடும். அவருடைய வேக நடையும் எனக்கு வேண்டாம், அது என்னிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. அன்றைக்கு ஒரு வெற்றிலை நேரம் அவர் மனைவியின் பக்கத்தில் நின்றாரே, அந்த நிற்பை நான் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று என் மனைவியிடம், ஞாயிற்றுக்கிழமை நீயும் வருகிறாயா என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"மெதுவா நடப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.