குடத்துக்குக் காவல் வைத்த கேமரா

நகை, வண்டி, பத்திரம் என்று எதையாவது காப்பாற்றத்தான் வீட்டில் கேமரா வைப்பார்கள். நான் வைத்தது ஒரு பிளாஸ்டிக் குடத்துக்காக. சொன்னால் சிரிப்பார்கள் என்று, கேட்டவர்களிடமெல்லாம் பைக்குக்காக என்று சொல்லி வைத்தேன்.

திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு முன்னால் எங்கள் வீடு. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் தண்ணி லாரி வரும். முந்தின இரவே வீட்டுக்கு ஒரு குடம் தெருவோரம் வரிசையில் உட்கார்ந்துவிடும். ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். வரிசையை யாரும் கலைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். எங்கள் குடம் பச்சை, இடம் மூன்றாவது.

அந்தப் பச்சைக் குடம் ஒரு வாரமாக விடிந்தால் கடைசியில் நின்றது. கடைசிக் குடத்துக்கு லாரியின் அடித்தண்ணீர்தான். என் மனைவி முதல் தடவை முணுமுணுத்தாள். இரண்டாம் தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். மூன்றாம் தடவை என்னைப் பார்த்தாள். எனக்குக் கண்டெய்னர் யார்டில் சீல் சரிபார்க்கிற வேலை. பூட்டையும் முத்திரையையும் நம்பிப் பழகியவன், வாய்ப்பேச்சை நம்புவதில்லை. அன்றைக்கே ஆன்லைனில் ஒரு மலிவுக் கேமராவுக்கு ஆர்டர் போட்டேன். இரவிலும் முப்பது மீட்டர் தெரியும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

மாட்டிய மறுநாள் போனில் பார்த்தோம். தெரிந்த குடமெல்லாம் சாம்பல் நிறம், வரிசையின் முன்பக்கம் இருட்டில் தெரியவே இல்லை. மூன்று மணிக்கு மேல் ஓர் உருவம் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குடத்தோடு வந்தது. குடத்தை வரிசையின் கடைசியில் வைத்தது, போய்விட்டது. முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. ஆனால் இடுப்பில் மீன் கூடை இருந்தது. காசிமேட்டில் ஏலம் எடுக்க அந்த நேரத்தில் கூடையோடு கிளம்புகிறவர் எங்கள் தெருவில் ஒருவர்தான், எதிர்வீட்டு அக்கா.

என் மனைவிக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அந்த அக்கா. சாயங்காலமானால் இரண்டு பேரும் அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதையும் அலசிக் காயப்போடுவார்கள். அதனால்தான் என் மனைவிக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது. நேராக எதிரே போய் நின்றாள். நான் போனைத் தூக்கிக் காட்டினேன், ஏதோ கோர்ட்டில் சாட்சி காட்டுகிறவன் மாதிரி.

"உன் கொடம் காத்துல உருண்டுகினு போய் கால்வாயாண்ட கெடந்துச்சு. எட்த்தாந்து வெச்சேன், வேற இன்னா?" என்றார் அக்கா. "எனக்கு ஆட்டோ காத்துகினு கீது. இருட்டுல உன் எடத்த தேடிகினு நிக்க முடியுமா?"

"உருண்டது இதுல இல்லியேக்கா," என்றேன் நான்.

"கூடவே இருந்துகினு இப்டி பண்ணிட்டியேக்கா," என்றாள் என் மனைவி. தெருவே வேடிக்கை பார்த்தது. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

இரண்டு வாரம் வாசற்படி காலியாகக் கிடந்தது. சண்டையில் நாங்கள் ஜெயித்ததாகத்தான் பேர். ஆனால் என் மனைவி சாயங்காலம் வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல், மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு நாலாவது வீட்டுக்காரர், "சாம்பல் கலர்ல கீற கொடத்த உன்னோடதுன்னு எப்டி மாமு சொல்ற?" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கலரில் ஆதாரம் காட்டியே தீருவது என்று ராயபுரத்தில் ஒரு கேமரா கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. "எதைப் பார்க்கணும், அதைச் சொல்லுங்க முதல்ல," என்றார். வேறு வழியில்லாமல் குடம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, மூன்று கேமராவை ஒரே திரையில் போட்டு, என் கையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் மக்கையும் சிவப்பு மக்கையும் கொடுத்து நடக்கச் சொன்னார். முதல் கேமராவில் இரண்டு மக்கும் ஒரே நிறம். "இன்ஃப்ராரெட்னா எல்லாம் கருப்பு வெள்ளைதான். கிட்ட வந்தா மொகம் வெளுத்துரும், தள்ளிப் போனா ஆளே தெரியாது. முப்பது மீட்டர்னு போட்டிருந்தா பத்துன்னு வச்சுக்கிடுங்க." மூன்றாவது கேமராவில் மக்கு பச்சையாகவே இருந்தது. இருட்டானால் அதில் ஒரு சின்ன விளக்கு எரியும். தள்ளி நின்றாலும் முகம் தெரியும், பேச்சும் கேட்கும். விலையைக் கேட்டு, பர்ஸில் இருந்ததை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்கினேன். "வாரம் ஒருக்கா கண்ணாடியைத் தொடைங்க. உப்புக்காத்து படிஞ்சா எந்தக் கேமராவும் குருடுதான்," என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த லாரி நாள் காலையில் நானும் மனைவியும் காபியோடு உட்கார்ந்து பார்த்தோம். பச்சைக் குடம் பச்சையாக மூன்றாவது இடத்தில் நின்றது. கடல்காற்று அடித்தது. குடம் ஆடியது, சாய்ந்தது, மற்றதெல்லாம் அசையாமல் நிற்க, எங்களுடையது மட்டும் சரிவில் உருண்டு ரோட்டைத் தாண்டிக் கால்வாய் ஓரம் போய் விழுந்தது. பழைய கேமராவுக்கு அவ்வளவு தூரம் எட்டவே எட்டாது. பிறகு அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார். வரிசையைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கால்வாய் வரை நடந்தார். குடத்தை எடுத்து, சேறு ஒட்டியிருந்த இடத்தை முந்தானையால் துடைத்து, வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுப் போனார்.

எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத நாளில் செய்த காரியம் இது. என் மனைவி காபியைக் கீழே வைத்தாள்.

"நம்ம கொடம் மட்டும் ஏன் உருளுது?" என்றாள். "உள்ள கல்லு எப்பவும் கெடக்குமே."

காற்றுக்கு உருளாமல் இருக்க எல்லாரும் குடத்துக்குள் ஒரு கல் போடுவார்கள். மழைக்குப் பிறகு என் பைக்கின் ஸ்டாண்டு மண்ணில் புதைகிறதென்று, எங்கள் கல்லை எடுத்தவன் நான்தான். எடுத்ததையே மறந்துபோனேன். ஸ்டாண்டுக்கு அடியில் அந்தக் கல், படத்தின் ஓரத்தில், நல்ல கலரில் தெரிந்தது. விரலை நீட்டிக் காட்டினேன். அவள் கல்லைப் பார்த்தாள், பிறகு எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

அக்கா மீன் விற்றுத் திரும்பியதும் இரண்டு பேரும் போனோம். பழக்கதோஷம், நான் மறுபடியும் போனை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"நான் வாயால சொன்னேன், நம்பல. அந்த பொட்டி சொன்னா நம்புவியா, நைனா?"

எனக்குக் கூசிவிட்டது. தப்பு எங்கள் மேல்தான் என்று என் மனைவி அழுதாள். "சரி, போ," என்றார் அக்கா, அவ்வளவுதான். கதவைச் சாத்தவில்லை, ஆனால் உட்காரவும் சொல்லவில்லை.

அன்றைக்கே கல் குடத்துக்குத் திரும்பியது. அடுத்த லாரி நாள் படத்தில், அக்கா கூடையோடு வந்து பச்சைக் குடத்தருகே நின்றார். காலால் மெல்லத் தள்ளினார். அசையவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசினார்.

"கல்லு போட்டுகீற. நல்லது. சாயங்காலம் வா, சங்கரா மீனு எட்த்து வெக்கிறேன்."

என் மனைவி அதை மூன்று தடவை கேட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கே வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அக்கா வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.