மூன்றாவது ஓலை

எங்கள் மாதா கோவிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் விவாகம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பூசையின் நடுவே சுவாமியார் அறிவிப்பார். எனக்கு முதல் ஓலை வாசித்த அன்று பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தேன். பிரெஞ்சுக்காரச் சுவாமியார் என் பெயரை மூக்கால் உச்சரித்தார். பக்கத்தில் இருந்தவள் என் இடுப்பில் கிள்ளினாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் தபாலில் கடிதம் வந்தது. அதோடு சிரிப்பு போயிற்று.

அது யுத்த காலம். சீமை மருந்து வருவது குறைந்துபோய், இங்கேயே தயாரிக்க ரசாயனம் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. அதற்காகக் கல்லூரியில் புதிதாக ஒரு பி.எஸ்ஸி. வகுப்பு தொடங்கினார்கள். ஆறு மாதம் பாடம், ஆறு மாதம் மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைச் சாலையில் வேலை, இப்படி மாறி மாறி மூன்று வருஷம். இண்டர்மீடியட் முடித்த கையோடு யாரிடமும் சொல்லாமல் மனுப் போட்டிருந்தேன். மாதக்கணக்கில் பதில் இல்லை. பெண்ணை எங்கே எடுக்கப்போகிறார்கள் என்று நானே கைகழுவிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜோலார்பேட்டை ரயில்வே குமாஸ்தாவின் சம்பந்தம் வந்தது. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உனக்கு இஷ்டமா கண்ணு? இல்லேன்னா இப்பவே சொல்லிடு. ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது."

"சரிப்பா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். வேறு எதுவும் கிடைக்காதவளுக்கு ஜோலார்பேட்டை நல்ல ஊர்தான்.

இப்போது இடம் உண்டு என்று கடிதம் வந்துவிட்டது. கலியாணம் ஆகாதவர்களுக்கு மட்டும்தான் இடம், நடுவில் கலியாணமானால் விலக வேண்டும். தகப்பனார் கையெழுத்தோடு பதில் கொடுக்கக் கடைசி நாள், மூன்றாவது ஓலைக்கு மறுநாள் திங்கட்கிழமை.

அந்த இரண்டு வாரம் நான் மனுஷியாக இல்லை. தையல்காரர் ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தபோது கையைத் தூக்கு, இறக்கு என்று சொன்னபடி நின்றேன். இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அன்று மத்தியானம் அம்மாவிடம் கடிதத்தைக் காட்டினேன். அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு ஓலை விழுந்தாச்சு. ஊர் பூரா கேட்டாச்சு. இனிமே இன்னா பேச்சு?"

அப்பாவிடம் போயிருக்கலாம். அவர் பள்ளிக்கூட வாத்தியார், கோவில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். என் கலியாணப் பூசைக்கென்று ஒரு பாட்டை வீட்டில் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தில் தவறிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் தொடங்குவார். அவர் எதிரில் போய் நிற்பேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயமில்லை. 'நான் கேட்டேனே கண்ணு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்றுதான் பயம்.

சனிக்கிழமை காலையில் சுவாமியாரிடம் போனேன். அவர் தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர், அப்படியே பேசுவார்.

"சாமி, நாளைக்கு ஓலை வாசிக்கக் கூடாது. தடை இருக்குது."

"தடை என்ன, மகளே?"

கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கல்வி திருச்சபைச் சட்டத்தில் தடை அன்று. இரத்த உறவு உண்டா? வேறொருவருக்கு வாக்குக் கொடுத்தாயா?"

"இல்ல சாமி."

"உன்னை எவரேனும் கட்டாயப்படுத்தினார்களா? கட்டாயம் என்றால் அது தடை. நான் உடனே நிறுத்துவேன்."

சுவரில் சிலுவையில் பாடுபட்ட சுரூபம் தொங்கியது. அதைப் பார்க்காமல் சொன்னேன். "ஆமா சாமி. அப்பாதான்."

உடனே விசாரிக்க வேண்டும் என்று அவர் எழுந்துகொண்டார். அப்பா அடுத்த கட்டடத்தில், கோவிலில்தான் பாடகர்களைப் பழக்கிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டு பாதியில் நின்றது. அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உம்முடைய மகள் சம்மதம் இல்லாமல் இந்த விவாகத்தை நிச்சயித்தீரா? நீர் கட்டாயப்படுத்தியதாகச் சொல்லுகிறாள்."

அப்பா என்னைப் பார்த்தார். என் தலை குனிந்தே இருந்தது. கையிலிருந்த கடிதத்தை மெல்ல வாங்கினார். இங்கிலீஷ் வாசகத்தை விரல் வைத்து, அவசரமில்லாமல், கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஆமா சாமி" என்றார். "நான்தான் கட்டாயப்படுத்தினேன். பொண்ணு மேல தப்பில்ல."

மறுநாள் பூசையில் மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. கோவில் முழுக்கத் தலைகள் ஆண்கள் பக்கம், அப்பாவை நோக்கித் திரும்பின. திங்கட்கிழமை காலையில் அப்பா கல்லூரிக்கான பதிலை ஆர்மோனியப் பெட்டியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுவாமியார் சொல்லியனுப்பிய காரணத்தைக் கேட்டு அந்த வாரமே ஜோலார்பேட்டைக்காரர்கள் வந்து, பெற்ற பெண்ணை மிரட்டிச் சம்மதம் வாங்கினவன் என்று தெருவில் நின்று ஏசினார்கள். அப்பா வாசலில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் கோவில் ஆர்மோனியம் வேறொருவர் கைக்குப் போயிற்று. அப்பா கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்காரப் பழகிக்கொண்டார்.

மூன்று வருஷமும் படித்தேன். முதல் ஆறு மாதத் தொழிற்சாலை வேலைக்குத் தினமும் காலையில் பஸ் ஏற்றிவிட வந்தவர் அவர்தான்.

அப்பா என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. என்னைக் கேட்டார், நான் சரி என்றேன். பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ சில்லறைப் பாவங்களை அந்தச் சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும், அப்பா இருந்தவரைக்கும், சொல்லவே இல்லை.