மாதா வளைவில் நின்ற வண்டி

உருத்திரமூர்த்தி அண்ணையைப் பற்றிச் சனம் பேசுவதில் பாதி பொய். அந்தப் பாதியில் பெரும்பங்கு என் வாயிலிருந்து போனது. ஜெர்மனியின் எசன் நகரத்து உணவகங்களில் இருபத்தாறு வருடம் அடுப்போடு நின்று முதுகைக் கெடுத்துக்கொண்ட மனிதர், ஐம்பத்தாறு வயதில் வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டு, மனைவி சுந்தரேஸ்வரி அக்காவோடு தெற்கே அல்கொய் மலையில் ஒரு விடுதிக்கு வேலைக்கு வந்தார். அக்காவுக்கு அறை துப்புரவாக்கும் வேலை. மதீசனாகிய எனக்கு அங்கேயே கோப்பை கழுவுகிற உத்தியோகம்.

குளிர்காலத்தில் விடுதிக்கு வாகனப் பாதை கிடையாது. சாமான் எல்லாம் பனிவண்டியில்தான் மேலே ஏறும். முன்னால் இரண்டு சறுக்குக்கட்டை, பின்னால் யுத்த டாங்கிக்கு இருப்பது போல ஒரு ரப்பர்ப் பட்டி, நடுவில் மோட்டார்சைக்கிள் மாதிரி ஆசனம். அதை ஓட்டுவது அண்ணை. அவருடைய ஆறு மாதப் பரீட்சைக் காலம் சனவரிக் கடைசியில் முடிகிறது. முதலாளியம்மா ஹெல்காவுக்குத் திருப்தி என்றால் நிரந்தர ஒப்பந்தம். இல்லையென்றால் வேலையோடு விடுதி தந்த அறையும் போகும். எசனிலும் இனி வீடு இல்லை.

இந்த நேரம் பார்த்து வண்டி நிற்கத் தொடங்கியது.

புதுப்பனி இடுப்பளவு விழுந்த நாட்களில், விடுதிக்குக் கீழே உள்ள செங்குத்து வளைவில், ஒரு மரக்கூட்டுக்குள் மாதா சிலை நிற்கிற இடத்தில், இயந்திரம் சட்டென்று செத்துவிடும். ஆழப்பனியில் நின்ற வண்டி வயிறு வரைக்கும் புதையும். முன்னால் பனியை மிதித்து இறுக்கி, வண்டியைப் பக்கவாட்டில் சரித்து, பட்டிக்கடியில் கிளறி எடுக்க அரை மணி நேரம் போகும். மெக்கானிக் வந்து பிளக் மாற்றினான், காற்று இழுக்கும் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்தான். ஒரு பிழையும் இல்லை.

அண்ணை சிகரெட் பத்த நிப்பாட்டுறார் என்று நான் அடுப்படியில் ஒரு பகிடி விட்டேன். அது படியேறி ஹெல்காவின் காதுக்குப் போய்விட்டது.

"சனிக்கிழமை அறுபது பேர் வரும் கல்யாணம்" என்றார் ஹெல்கா. "அன்றைக்கும் வண்டி நின்றால் நான் வேறு ஓட்டுநர் பார்ப்பேன்."

அண்ணைக்கு அதன்பிறகு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பிப் போய் யன்னலால் பனியைப் பார்ப்பார், வந்து இருப்பார், திரும்ப எழும்புவார். பகிடியை விட்டவன் நான்தானே. வியாழக்கிழமை அவருக்குப் பின்னால் நானும் ஏறிக்கொண்டேன்.

வளைவில் அண்ணை எழுந்து நின்று, மலைப்பக்கம் சரிந்து ஓட்டினார். மாதாவைக் கடக்கும்போது அவருடைய வலக்கை பிடியை விட்டுக் கிளம்பி, நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டது. இயந்திரம் செத்தது.

"அண்ணை, இறங்காதேங்கோ! இப்ப என்ன செய்தனீங்கள்?"

"என்னடா செய்தனான்? ஓடினனான்."

"கும்பிட்டனீங்கள்."

"உனக்கென்ன விசரே?"

"உங்கட சட்டைக்கையைப் பாருங்கோ."

ஓட்டுபவர் விழுந்தால் வண்டி தானாக நிற்கவேண்டும் என்பதற்காக ஒரு சிவப்புச் சுருள்கயிறு இருக்கிறது. ஒரு நுனி வண்டியில் மூடி போல மாட்டியிருக்கும், மறுநுனி ஆளில் கொளுவியிருக்கும். அக்கா உடுத்திவிட்ட மூன்று ஜாக்கெட்டுக்கு அடியில் இடுப்பு வளையம் அகப்படாததால், அண்ணை அதை வலது சட்டைக்கை நுனியில் கொளுவியிருந்தார். ஆழப்பனியில் எழுந்து நின்று ஓட்டும்போதே கயிறு விறைத்துவிடும். கை நெற்றிக்குப் போனால் மூடி கழன்றுவிடும். இத்தனை நாளும் வண்டி புதைந்ததும் அவர் குதித்து இறங்குவார், குதித்ததால்தான் கழன்றது என்று நினைத்துக்கொள்வார்.

தொங்கிய மூடியை அண்ணை எடுத்துத் திரும்ப மாட்டினார். "வருசா வருசம் கேவலார் கோயிலுக்கு மாதாவைக் கும்பிடப் போற ஆளடா நான். கண்டா கை தன்ர பாட்டில எழும்புது."

பின்னேரம் அடுப்படியில் ஆலோசனை நடந்தது. "கயித்தை வண்டியிலயே கட்டிவிடுங்கோ. ஒருநாளும் கழலாது" என்றேன் நான்.

"விசர்க்கதை கதையாதை" என்றார் அக்கா. "இவர் விழுந்தா, வண்டி ஆளில்லாமல் கீழ போய்ச் சனத்துக்கு மேல ஏறட்டுமோ?"

மேல் ஜாக்கெட்டின் இடுப்பில் அக்கா ஒரு தடித்த வார்வளையம் தைத்தார். அதில் கயிற்றைக் கொளுவி, அண்ணையை வண்டியில் ஏற்றி, நிற்கச் சொல்லி, இரண்டு பக்கமும் சரியச் சொல்லிப் பார்த்தோம். இழுக்கவில்லை. கைபிடியில் இருக்கும் நிறுத்துகிற பொத்தானில் தடித்த கையுறை தவறுதலாக அமத்திவிடக் கூடாதென்று, தயிர் வாளி மூடியில் ஒரு வளையம் வெட்டி அதைச் சுற்றி வேலி போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஓடிப்பார்த்தோம். மாதாவைக் கண்டதும் கை எழும்பியது. கயிறு கழலவில்லை, இயந்திரமும் சாகவில்லை. ஆனால் வேகம் கொடுக்கும் நெம்புகோல் வலது பெருவிரலில் அல்லவா இருக்கிறது! விரல் விட்டதும் வண்டி இளைத்து, உறுமிக்கொண்டே புதைந்தது.

"இடக்கையால கும்பிடுங்கோ, அண்ணை."

"செருப்பால அடிப்பன். சாமியை இடக்கையாலயோ கும்பிடுறது?"

"அப்ப கும்பிடாமல் போங்கோ."

"நானோ கும்பிடுறன்? கையெல்லோ கும்பிடுது!"

அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை என்று அக்கா சொன்னார். விடியத் தேத்தண்ணி கொடுக்கும்போது அக்காவே வழியும் சொன்னாராம்: "வளைவுக்கு முன்னம் ஒரு தட்டையான இடம் இருக்கெல்லே. அதில நிண்டாலே மாதா தெரியும். நிப்பாட்டி, இறங்கி, ரண்டு கையாலும் ஆறுதலாக் கும்பிட்டிட்டு ஏறுங்கோ. குடுக்கவேண்டியதைக் குடுத்தா கை அடங்கும்."

சனிக்கிழமை ஹெல்கா தூரக்கண்ணாடியோடு வெளியே நின்றார். நான் குப்பை வாளியோடு பக்கத்தில் நின்றேன். பின்னால் சறுக்குப்பெட்டியில் கல்யாணக் கேக்கை இழுத்துக்கொண்டு வந்த வண்டி, தட்டையான இடத்தில் நின்றது. சத்தமும் நின்றது.

"பார், சிகரெட்" என்றார் ஹெல்கா.

நான் உள்ளதைச் சொன்னேன். "அவர் சிகரெட் பிடிப்பதே இல்லை. அந்தக் கதையை விட்டது நான்."

ஹெல்கா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்த பார்வையில் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். கீழே சத்தமே இல்லை. ஒரு நிமிடம் போனது. மறுபடியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால்? ஹெல்கா கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைத் திருப்பினார். நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

இயந்திரம் உறுமியது. அண்ணை எழுந்து நின்று வளைவில் ஏறினார். மாதாவுக்கு நேரே அவருடைய வலது முழங்கை ஒருதரம் துடித்ததை நான் கண்டேன். பெருவிரல் அசையவில்லை. பனி இரண்டு பக்கமும் தெறிக்க, கேக் குலையாமல் மேலே வந்து சேர்ந்தார்.

"ஏன் நின்றது?" என்று கேட்டார் ஹெல்கா.

"அது நிற்கவில்லை" என்றார் அண்ணை, எசன் அடுப்படியில் படித்த ஜெர்மனில். "நான் நிறுத்தினேன். மாதாவைக் கும்பிட."

"நாளைக்கும் நிறுத்துவீர்களா?"

"ஒவ்வொரு நாளும்."

"எத்தனை நிமிடம்?"

அண்ணை யோசித்தார். "இரண்டு."

"அப்படியானால் இரண்டு நிமிடம் முந்திப் புறப்படுங்கள்" என்று சொல்லிவிட்டு ஹெல்கா கேக்கைப் பார்க்கப் போனார்.

திங்கட்கிழமை ஒப்பந்தம் வந்தது. அக்கா மூன்று தரம் வாசித்த பிறகுதான் கையெழுத்து வைக்க விட்டார். பேனையைப் பிடித்த அண்ணையின் வலக்கை முதலில் நெற்றிக்குப் போய்த்தான் தாளுக்கு வந்தது.